டிஸ்க் சேர்த்ததும் நெட் போன சர்வர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயரில் ஓடிக்கொண்டிருந்த நெட் நின்றுவிட்டால் எல்லோர் கையும் முதலில் கேபிளுக்குத்தான் போகும். பல நேரங்களில் அது சரியான இடமும்கூட. இந்த நிகழ்வில் கேபிள், கார்டு, சுவிட்ச் மூன்றுமே நன்றாக இருந்தன. இருந்தும் போர்ட்டில் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாததால் எல்லோரும் தவறான பக்கம் தேடினார்கள், புது சாமான் வாங்கினார்கள், கடைசியில் சர்வரையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். லினக்ஸ் கணினி வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடமும் கணினியும்

ஒரு சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் வேலைகள். வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன: டெபியன் 12 என்ற லினக்ஸ், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சாம்பா, மதர்போர்டோடு வந்த ரியல்டெக் கிகாபிட் கார்டு, நிலையாகக் கொடுத்த 192.168.1.10 என்ற ஐபி முகவரி. வரைகலைத் திரை கிடையாது, நெட் இணைப்பைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரும் கிடையாது. எந்தக் கார்டை எந்த முகவரியோடு இயக்குவது என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கும் டெபியனின் பழைய இஃப்அப்டவுன் முறைதான். வடிவமைப்பாளர்களின் விண்டோஸ் கணினிகள் அந்த முகவரியை ஒரு டிரைவாக இணைத்து வைத்திருக்கும்.

இடம் போதவில்லை என்று ஒரு சனிக்கிழமை மாலை அந்த சர்வரில் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் நேராகச் செருகும் எம்.2 வகை என்விஎம்இ டிஸ்க் ஒன்றைச் சேர்த்தார்கள். மாட்ட வந்தவர் கணினி பூட் ஆகிறதா, புது டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்தார். இரண்டும் சரி, போய்விட்டார். திங்கள் காலை எந்தக் கணினியிலும் அந்த டிரைவ் திறக்கவில்லை.

நான் போவதற்குள் அங்கே நிறைய வேலை நடந்திருந்தது. கேபிளை மாற்றியிருந்தார்கள், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பார்த்திருந்தார்கள். “அண்ணா, லைட்டே எரியலண்ணா, போர்ட் செத்துப்போச்சு” என்றார் அங்கே வடிவமைப்பு செய்யும் பெண். போர்ட் போய்விட்டது என்று நினைத்ததால் கடையிலிருந்து ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரும் வாங்கி மாட்டியிருந்தார்கள். அதிலும் நெட் வரவில்லை. இரண்டு வழியிலும் வரவில்லை என்றால் லினக்ஸ்தானே கெட்டுப்போயிருக்க வேண்டும்? முதலாளி அந்த முடிவோடு இருந்தார். “தம்பி, ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுருங்க, காலையில இருந்து வேலை நிக்குது.”

அவர்கள் யோசித்த வரிசையைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்த சான்றுகளை வைத்துத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றுகளில் ஒன்று, எரியாத அந்த விளக்கு, அவர்கள் நினைத்ததைச் சொல்லவில்லை.

விளக்கு என்ன சொல்லும்

கீபோர்டும் மானிட்டரும் மாட்டி, சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யச் சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போர்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லினக்ஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் பயாஸின் திரை வந்தபோது விளக்கு எரிந்தது. லினக்ஸ் ஏறத் தொடங்கிய சில நொடிகளில் அணைந்தது.

இந்த ஒன்றைப் பார்த்ததுமே கேபிள், சுவிட்ச், போர்ட் மூன்றின் மேலும் இருந்த சந்தேகம் போய்விட்டது. ஈதர்நெட்டில் இணைப்பு விளக்கு எரிய வேண்டுமானால் இரண்டு முனையில் இருக்கும் சில்லுகளும் ஒன்றையொன்று கேட்டு, வேகத்தைப் பேசி முடித்திருக்க வேண்டும். பயாஸ் நேரத்தில் அது நடந்திருக்கிறது. அப்படியென்றால் செம்பு வழி நன்றாக இருக்கிறது.

பிறகு ஏன் அணைந்தது? லினக்ஸில் ஒரு நெட்வொர்க் இடைமுகத்தை (லினக்ஸ் ஒரு கார்டைப் பார்க்கும் வடிவம்) யாரும் ‘அப்’ நிலைக்குக் கொண்டுவராவிட்டால், பல டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்கள்) மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்தக் கார்டின் சமிக்ஞைச் சில்லை உறங்க வைத்துவிடும். சில்லு உறங்கினால் விளக்கும் இருக்காது, எதிர்ப்பக்கம் சுவிட்சிலும் இருக்காது. ஆக, எரியாத விளக்குக்குக் கம்பி அறுந்தது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ‘இந்தக் கார்டை இயக்கு’ என்று கணினிக்குள் யாரும் சொல்லாமல் விட்டாலும் இதேதான் நடக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

உள்ளே பார்த்தது

எதையும் மாற்றுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன். பார்ப்பதால் எதுவும் கெடாது. மாற்றினால் சான்று அழியும்.

‘ஐபி லிங்க்’ கட்டளை மூன்று இடைமுகங்களைக் காட்டியது. ஒன்று எல்லாக் கணினியிலும் இருக்கும் ‘லோ’, கணினி தன்னோடு தானே பேச. இரண்டாவது இஎன்பி4எஸ்0, நிலை ‘டவுன்’. மூன்றாவது இஎன்எக்ஸ் என்று தொடங்கி நீளமான மேக் முகவரியோடு (கார்டின் அடையாள எண்) முடியும் பெயர். அது புதிதாக வாங்கிய யூஎஸ்பி அடாப்டர், அதுவும் ‘டவுன்’. கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது. இல்லையென்றால் இந்தப் பட்டியலில் அது வந்திருக்கவே முடியாது.

அடுத்து, தோற்றுப்போன சேவைகளை மட்டும் காட்டும்படி சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் கேட்டேன். நெட்வொர்க்கிங் சேவை சிவப்பில் நின்றது. அதன் பதிவில் காரணம் நேராகவே இருந்தது: இஎன்பி3எஸ்0 என்ற சாதனத்தைக் காணவில்லை.

பட்டியலில் இருப்பது 4. தேடப்படுவது 3. விஷயம் இங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனாலும் ஊகத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. டெபியன் 11 முதல் கணினியின் பதிவேடு டிஸ்க்கில் நிலையாகச் சேமிக்கப்படுகிறது, அதனால் பழைய பூட்களைத் திரும்பிப் பார்க்க முடியும். பதிவேட்டைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல்லில் பூட்களின் பட்டியலை எடுத்து, சனிக்கிழமைக்கு முந்தைய ஒன்றில் ‘ரீநேம்ட்’ என்ற சொல்லைத் தேடினேன். அன்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதலில் இந்தக் கார்டுக்கு ஈத்0 என்று பெயர் வைத்திருக்கிறது, அடுத்த நொடியே அது இஎன்பி3எஸ்0 ஆக மாறியிருக்கிறது. திங்கள் காலைப் பூட்டில் அதே ஆர்8169 டிரைவர், அதே மேக் முகவரி, ஆனால் மாறிய பெயர் இஎன்பி4எஸ்0. பிசிஐ வழிகளில் இருக்கும் சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலைப் பார்த்தால் 03:00.0 என்ற இடத்தில் புது என்விஎம்இ டிஸ்க் உட்கார்ந்திருந்தது. நெட்வொர்க் கார்டு 04:00.0 ஆகியிருந்தது.

பெயர் ஏன் மாறியது

பழைய லினக்ஸில் வயர் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1 என்று பெயர் வரும். எந்த டிரைவர் முதலில் தயாராகிறதோ அது 0. இரண்டு கார்டு இருந்தால் ஒரு பூட்டில் ஒன்று 0, அடுத்த பூட்டில் மற்றது 0 என்று மாறிவிடும் ஆபத்து இருந்தது. டெபியன் 8 வரை இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார்கள்: மேக் முகவரியைப் பார்த்து யூடெவ் (சாதனங்களைக் கண்டு பெயர் வைக்கும் நிரல்) ஒரு விதிக் கோப்பில் பெயரை எழுதிவைக்கும். மதர்போர்டு மாற்றினாலோ டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலோ புதுக் கார்டு ஈத்1 ஆகி, ஈத்0-க்கு எழுதிய அமைப்பு அநாதையாக நிற்கும். அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

லினக்ஸை எழுப்பிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பில், 2013 ஜனவரியில், புதிய முறை வந்தது. டெபியனில் 2017-இன் 9-ஆம் பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் அதுதான் இயல்பு. இதில் கார்டு எங்கே மாட்டப்பட்டிருக்கிறதோ அந்த இடமே பெயராகிறது. ‘இஎன்’ என்றால் ஈதர்நெட், ‘பி’க்குப் பின்னால் வருவது பிசிஐ பஸ் எண், ‘எஸ்’ஸுக்குப் பின்னால் வருவது அந்தப் பஸ்ஸில் உள்ள இடம். எல்எஸ்பிசிஐ பதினாறின் அடிமானத்தில் எண்களைக் காட்டும், இடைமுகப் பெயரில் பத்தின் அடிமானத்தில் வரும். அங்கே 0ஏ என்று இருந்தால் இங்கே 10 என்று தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கார்டை நகர்த்தாதவரை பெயர் மாறாது என்பதுதான் இந்த முறையின் நோக்கம். இந்த சர்வரில் கார்டை யாரும் நகர்த்தவில்லை, அது மதர்போர்டிலேயே இருப்பது. ஆனால் பஸ் எண் என்பது போர்டில் அச்சடித்த எண் அல்ல. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் ஃபர்ம்வேர் (பயாஸ்) பிசிஐ எக்ஸ்பிரஸ் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரிசையாக எண் போடுகிறது. காலியாக இருக்கும் வழியைப் பல பயாஸ்கள் மறைத்தே வைத்துவிடும், அதற்கு எண் விழாது. அந்த வழியில் ஒரு டிஸ்க் வந்ததும் அதற்கு எண் கொடுக்க வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். தெருவின் நடுவில் காலி மனையில் ஒரு வீடு எழும்பி, கதவு எண்களைப் புதிதாகப் போட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு வரும் தபால் என்னாகுமோ அதுதான் இங்கே நடந்தது. கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலும், பயாஸில் ஒரு சாதனத்தை அணைத்தாலும் இதே விளைவு வரலாம்.

யூஎஸ்பி அடாப்டர் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதோடு தெளிவாகிவிட்டது. அதன் இஎன்எக்ஸ் பெயர் எந்த அமைப்புக் கோப்பிலும் இல்லை. நெட்வொர்க்மேனேஜர் இல்லாத சர்வரில் புதுக் கார்டை மாட்டினால் மட்டும் போதாது, அதை இயக்கச் சொல்லி எங்காவது எழுதியிருக்க வேண்டும். பழைய கார்டுக்கும் புது அடாப்டருக்கும் இருந்த குறை ஒன்றேதான். அதையே லினக்ஸ் கெட்டுப்போனதற்கு இரண்டாவது ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கையால் எழுப்பிப் பார்த்தது

கோப்புகளைத் தொடாமல், மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும் தற்காலிகக் கட்டளைகளால் முதலில் சோதித்தேன். ‘ஐபி லிங்க்’ மூலம் இஎன்பி4எஸ்0-ஐ ‘அப்’ செய்ததும் சில நொடிகளில் போர்ட்டில் விளக்கு வந்தது.

வேகத்தைப் பார்க்க ஈத்டூல் நல்ல கருவி. ஆனால் இந்த சர்வரில் அது நிறுவப்படவில்லை, நெட் இல்லாமல் நிறுவவும் முடியாது. இந்த இக்கட்டில் மாட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘நெட்’, அதற்குள் இடைமுகத்தின் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதில் ‘கேரியர்’ என்ற கோப்பைப் படித்தால் இணைப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0 வரும், ‘ஸ்பீட்’ கோப்பில் வேகம் இருக்கும். இதற்கு எந்தக் கருவியும் நிறுவ வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இடைமுகம் ‘டவுன்’ நிலையில் இருக்கும்போது கேரியர் கோப்பைப் படித்தால் பிழைதான் வரும். அந்தப் பிழையைக் கேபிள் இல்லை என்று படிக்கக் கூடாது. இங்கே கேரியர் 1, வேகம் 1000.

192.168.1.10-ஐக் கையால் கொடுத்து, 192.168.1.1-ஐ இயல்பு வழியாகச் சேர்த்தேன். ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் செய்தி) போனது, வெளியே 8.8.8.8-க்கும் போனது. முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் விண்டோஸ் கணினிகளில் டிரைவ் இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவது தடை

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். சர்வரிலிருந்து எல்லாம் போகிறது, சர்வருக்கு எதுவும் வரவில்லை. ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து 192.168.1.10-க்குப் பிங் செய்தால் பதில் இல்லை. அதே கணினியில், எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி என்று வைத்திருக்கும் ஏஆர்பி அட்டவணையைப் பார்த்தால் அந்த முகவரிக்கு எதிரே சர்வரின் மேக் முகவரி ஒழுங்காக இருந்தது. அதாவது ‘192.168.1.10 யார்?’ என்ற கேள்விக்கு சர்வர் பதில் சொல்லியிருக்கிறது. பிங்குக்கு மட்டும் பதில் சொல்ல மறுக்கிறது. கம்பியும் கார்டும் சரி, நடுவில் யாரோ தடுக்கிறார்கள். அப்படிச் செய்யக்கூடியது ஃபயர்வால்தான்.

இந்த சர்வரில் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் இருந்தது. வருவதையெல்லாம் தடு, ஏற்கெனவே தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதில்களை விடு, இஎன்பி3எஸ்0 வழியாக வருவதை விடு. மூன்றே விதிகள். சர்வரே தொடங்கிய பிங்குக்கு வந்த பதில் இரண்டாவது விதியால் உள்ளே வந்தது. மற்றவர்கள் தொடங்கியது இஎன்பி4எஸ்0 வழியாக வந்ததால் மூன்றாவது விதியில் பொருந்தாமல் நின்றது.

என்எஃப்டேபிள்ஸில் இடைமுகத்தைக் குறிக்க இரண்டு வழி உண்டு. ‘ஐஐஎஃப்’ என்று எழுதினால், விதி ஏறும்போதே அந்த இடைமுகம் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஏற மறுத்துப் பிழை சொல்லும். ‘ஐஐஎஃப்நேம்’ என்று எழுதினால் பெயரை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், இல்லாத பெயராக இருந்தாலும் அமைதியாக ஏறும். பிறகு எதோடும் பொருந்தாது. இங்கே இரண்டாவது வகை. அதனால் சேவை பச்சையில் நின்றது, எந்தப் பதிவிலும் பிழை இல்லை. ஐஐஎஃப்நேம் தவறு என்று நான் சொல்லமாட்டேன், யூஎஸ்பி கார்டு போல வந்து போகும் சாதனங்களுக்கு அதுதான் சரி. பெயர் மாறினால் அது சத்தம் போடாது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தடுக்கி விழ வேண்டியதில்லை. ‘இடிசி’ அடைவு முழுவதிலும் இஎன்பி3எஸ்0 என்ற சொல்லை கிரெப் கொண்டு தேடினேன். மூன்று கோப்புகள் வந்தன: நெட்வொர்க் இடைமுகக் கோப்பு, ஃபயர்வால் விதிக் கோப்பு, அப்புறம் சாம்பாவின் அமைப்புக் கோப்பு. சாம்பாவில், குறிப்பிட்ட இடைமுகங்களில் மட்டும் கேள் என்ற வரியில் பழைய பெயர் இருந்தது. ஃபயர்வாலை மட்டும் சரிசெய்திருந்தால் பிங் போயிருக்கும், டிரைவ் திறந்திருக்காது. பெயர் மாறியது என்று தெரிந்த உடனே இந்தத் தேடலைச் செய்துவிடுவது நல்லது.

நிலையான திருத்தம்

மூன்று கோப்பிலும் 3-ஐ 4 ஆக்கினால் அன்றைக்கு வேலை நடந்துவிடும். அடுத்த முறை யாராவது ஒரு கார்டு சேர்க்கும்வரை. அதனால் அதை விட்டேன். கெர்னலுக்கு ஒரு அளவுரு கொடுத்துப் பழைய ஈத்0 முறைக்கே திரும்பும் வழியும் இருக்கிறது. ஒரே கார்டு மட்டுமே இருக்கப்போகிற கணினியில் அது போதும். இங்கே ஏற்கெனவே ஒரு யூஎஸ்பி அடாப்டர் வந்துவிட்டது, அதனால் அதுவும் வேண்டாம்.

நான் தேர்ந்தெடுத்தது சிஸ்டம்டியின் ‘லிங்க்’ கோப்பு. இடிசி அடைவில் சிஸ்டம்டிக்குள் இருக்கும் நெட்வொர்க் அடைவில், பெயர் 10 என்று தொடங்கும் ஒரு சின்னக் கோப்பு. இரண்டே பகுதி: இந்த நிரந்தர மேக் முகவரி உள்ள கார்டைக் கண்டால், அதற்கு லேன்0 என்று பெயர் வை. ‘நிரந்தர’ மேக் முகவரி என்று குறிப்பிடுவது முக்கியம். சாதாரண மேக் முகவரியால் பொருத்தினால், பின்னாளில் இதே கார்டின் மேல் பிரிட்ஜ், விலேன் போன்ற மெய்நிகர் இடைமுகங்கள் அமைத்தால் அவையும் அதே முகவரியை எடுத்துக்கொண்டு பெயருக்குப் போட்டி போடும். லேன்0-க்குப் பதில் ஈத்0 என்று வைக்கவும் கூடாது, கெர்னல் தானாக வைக்கும் பெயரோடு மோதும்.

பிறகு மூன்று கோப்புகளையும் பிரதி எடுத்துவிட்டு லேன்0 என்று மாற்றினேன். இன்னொரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பூட்டின் ஆரம்பத்திலேயே யூடெவ் ஓடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்புக்குள். அங்கேயும் இந்தக் கோப்பு இருக்க வேண்டும் என்பதால் அந்தத் தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்து, மறுதொடக்கம் செய்தேன். விளக்கு எரிந்தது, எல்லாக் கணினியிலும் டிரைவ் திறந்தது. பிறகு யாரும் கீபோர்டைத் தொடாமல் இன்னொரு முறை மின்சாரத்தை முழுதாக நிறுத்தி எழுப்பியும் பார்த்தோம். கையால் கொடுத்த கட்டளைகள் உயிரோடு இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். கோப்பு சரியா என்பது அடுத்த பூட்டில்தான் தெரியும்.

விடை வேறாக வந்திருந்தால்

இதே வரிசையில் போகும்போது வேறு இடத்தில் நிற்க நேரலாம். எல்எஸ்பிசிஐயிலேயே கார்டு இல்லை என்றால் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பவர் வயரையே உருவிச் சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். எல்எஸ்பிசிஐயில் இருக்கிறது, ஐபி லிங்கில் இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு இது நடந்தால், தனியாக நிறுவிய ரியல்டெக் டிரைவர் புதுக் கெர்னலுக்காக மறுபடி கட்டப்படாமல் போயிருக்கலாம். பழைய கெர்னலில் பூட் செய்தால் தெரிந்துவிடும். இடைமுகம் ‘அப்’, கேரியர் 0 என்றால்தான் கேபிள் மேல் கை வைக்க வேண்டும். கேரியர் 1, ஆனால் 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்றாலும் கேபிள்தான். 100-க்கு 1, 2, 3, 6 என்ற முனைகளில் உள்ள இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஎச்சிபி பதில் சொல்லவில்லை. எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகாவிட்டால், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸில்தான் குறை.

நெட்வொர்க்மேனேஜர் உள்ள டெஸ்க்டாப்பில் இதே பெயர் மாற்றம் வேறு முகத்தோடு வரும். நிலையான முகவரி கொண்ட பழைய சுயவிவரம் பழைய இடைமுகப் பெயரோடு கட்டப்பட்டிருந்தால் அது ஒதுங்கிவிடும். நெட்வொர்க்மேனேஜர் தானாகவே ஒரு புது வயர் சுயவிவரம் உருவாக்கி, டிஎச்சிபியில் ஏதோ ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். உலாவி திறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தக் கணினியைப் பழைய முகவரியில் தேடும் பிரின்டரும் ஸ்கேனரும் மட்டும் நின்றுபோகும். அங்கே ஐபி முகவரியைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்த சர்வரில் இன்னொரு மாற்றம் மட்டும் பெயரைக் கலைக்க முடியும்: மதர்போர்டை மாற்றுவது. அப்போது மேக் முகவரியே வேறாகிவிடும், லிங்க் கோப்பு பொருந்தாது. மேக் முகவரி, லிங்க் கோப்பு இருக்கும் இடம், இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சர்வர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். போர்டை மாற்ற வருபவர் பெட்டியை எப்படியும் திறந்துதான் ஆக வேண்டும்.